அடி யாருக்கு, கதை யாருடையது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுடைய 12 வயது மகள் அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். அவள் வைத்திருந்த புத்தகங்களைப் புரட்டியபோது பெண் பாத்திரங்களின் உடையும் அவர்கள் நிற்கும் கோலமும் உங்களுக்கு உறுத்தின. இவர்கள் நிஜமாகவே நாயகிகளா, ஆண்கள் பார்த்து ரசிக்க வரைந்த பொம்மைகளா என்று கேட்கிறீர்கள். கேள்வி உடையைப் பற்றி எழுதப்பட்டிருந்தாலும், நீங்கள் அறிய விரும்புவது வேறு என்று நினைக்கிறேன்: அந்தக் கதைகளுக்குள் ஒரு பெண்ணின் உயிருக்கும் வலிக்கும் என்ன மதிப்பு தரப்படுகிறது, அதைப் படிக்கும் சிறுமி தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வாள் என்பதுதான் அது. உடையைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

நான் 30 ஆண்டுகளுக்கு மேலாக இவற்றைப் படித்துவருகிறேன். பிழைப்புக்கு ஓவியம் கற்றுத்தருகிறேன். என் வாசிப்பு பெரும்பாலும் டிசி, மார்வெல் ஆகிய இரண்டு பதிப்பகங்களுக்குள் அடங்கியது என்பதால், நான் சொல்வதை ஜப்பானிய மங்காவுக்கோ ஐரோப்பியக் காமிக்ஸுக்கோ நீட்டிக்க வேண்டாம். இன்னொரு குறை, நான் ஆண். பெண் வாசகர்கள் முதல் வாசிப்பிலேயே கண்டதை நான் பல ஆண்டுகள் கழித்துக் கண்ட இடங்கள் இருக்கின்றன. என் தலைமுறைத் தமிழ் வாசகர்களில் பலருக்குக் காமிக்ஸ் நாயகி என்றவுடன் நினைவுக்கு வருபவள் வொண்டர் வுமன் அல்ல, மாடஸ்டி பிளைசிதான். 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழே ‘கத்தி முனையில் மாடஸ்டி’. லண்டன் நாளிதழ் ஒன்றில் தினசரித் தொடராக வந்த, அமானுஷ்ய சக்தி ஏதும் இல்லாத அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததெல்லாம் அவளுடைய கதையிலேயே நேர்ந்தது; கணக்கையும் அவளே தீர்த்தாள். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்க இதழ்களுக்குள் போனபோது ஏதோ ஒன்று நெருடியது, ஆனால் அது இன்னதென்று சொல்லத் தெரியவில்லை.

பிற்பாடு எனக்குக் கைகொடுத்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். ஒரு நாயகிக்குக் கதையில் அடி விழும்போது, அந்த அடிக்குப் பிறகு வரும் பக்கங்கள் யாருடையவை என்று பார்ப்பேன். நாயகர்களுக்கும் அடி விழுகிறது. அடி விழாமல் இந்த வகைக் கதையே இல்லை. ஆனால் அவளுக்கு விழுந்த அடி அவளுடைய கதையைத் தொடங்கிவைக்கிறதா, இன்னொருவனின் கோபத்துக்கு எண்ணெய் வார்ப்பதோடு முடிந்துவிடுகிறதா என்பதில்தான் நாயகிக்கும் பொம்மைக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. முழங்கால்வரை மூடிய உடை அணிந்தவளும் இந்தக் கணக்கில் பொம்மையாகலாம். நீச்சலுடை அணிந்தவளும் நாயகியாகலாம்.

இந்தச் சிக்கல் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. வொண்டர் வுமன் 1941ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமானவர். அவரை உருவாக்கிய வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். பொய் கண்டறியும் கருவிக்கு வழிவகுத்த இரத்த அழுத்தச் சோதனையோடு தொடர்புடையவர். முதல் ஓவியர் எச். ஜி. பீட்டர், பெண்களின் வாக்குரிமைப் போராட்டக் காலத்தில் ஒரு பத்திரிகையில் அந்த இயக்கத்துக்கு ஆதரவான பக்கத்துக்குப் படம் வரைந்தவர். அந்தக் கதைகளில் கட்டும் சங்கிலியும் அளவுக்கு மீறி வந்தன. அது வாக்குரிமைப் போராட்டக்காரர்கள் பயன்படுத்திய உருவகமா, மார்ஸ்டனின் சொந்த ஆசையா என்ற வாதம் அன்றைக்கே பதிப்பகத்துக்குள் நடந்தது, இன்றும் முடியவில்லை. இரண்டும் கலந்தது என்பது என் ஊகம். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. தன் சொந்த இதழில் படைகளையே தடுத்து நிறுத்திய இதே வொண்டர் வுமன், வேறோர் எழுத்தாளர் எழுதிய ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ இதழில் ஆண் வீரர்களின் சங்கத்தில் சேர்க்கப்பட்டபோது, 1942இல் அவருக்குக் கிடைத்த பதவி சங்கத்தின் செயலாளர். மற்றவர்கள் போருக்குக் கிளம்ப, அவர் அலுவலகத்தில் தங்கினார். உடை அதேதான், உடலும் வலிமையும் அதேதான். கதை யாருடையது என்பது மட்டும் மாறியிருந்தது.

1968இல் டிசி நிறுவனம் அவருடைய சக்திகளைப் பறித்து, வெள்ளை உடை உடுத்தி, துணிக்கடை நடத்தும் சாதாரணப் பெண்ணாக மாற்றியது. எழுதிய டென்னி ஓநீல் அதை முற்போக்கான மாற்றம் என்றே நம்பிச் செய்தார். தன் முயற்சியால் முன்னேறும் பெண் என்பது அவருடைய எண்ணம், பின்னாளில் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். ‘மிஸ்’ என்ற பெண்ணிய இதழை நிறுவியவர்களில் ஒருவரான குளோரியா ஸ்டைனம் போன்றவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது: டிசியின் நாயகிகளில் மிக வலிமையான பெண்ணிடமிருந்து வலிமையைப் பிடுங்கியிருக்கிறார்கள், ஆண்களில் எவரிடமிருந்தும் பிடுங்கவில்லை. 1972 ஜூலையில் வந்த ‘மிஸ்’ இதழின் அட்டையில் பழைய உடையோடு ராட்சத உருவில் வொண்டர் வுமன் நடந்துவந்தார். 1973 தொடக்கத்தில் சக்திகள் திரும்பின. சக்தி திரும்பிய அதே இதழில் ஒரு பெண் பத்திரிகை ஆசிரியரைத் துப்பாக்கிக்காரன் சுட்டுக்கொல்லும் காட்சியையும் வைத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பதா கசப்பதா என்று தெரியவில்லை.

பல ஆண்டுகள் கழித்துக் கண்ட இடங்கள் என்று சொன்னேனே, அவற்றில் ஒன்று கரோல் டான்வர்ஸின் கதை. 1977இல் ‘மிஸ் மார்வெல்’ என்ற பெயரில் தனி இதழ் பெற்ற பாத்திரம் அவர். அந்த இதழ் நின்ற பிறகு அவெஞ்சர்ஸ் குழுவில் இருந்தார். 1980இல் வந்த அவெஞ்சர்ஸ் 200ஆம் இதழில் அவர் காரணம் தெரியாமல் கருவுறுகிறார், ஓரிரு நாளில் பிள்ளை பெறுகிறார், அந்தப் பிள்ளை மளமளவென வளர்ந்து இளைஞனாகி, தன்னைப் பிறப்பிக்க வைப்பதற்காகக் கருவிகளின் துணையோடு கரோலின் மனத்தை வசப்படுத்தியதைத் தானே சொல்கிறான். அதைக் கேட்ட பிறகும் கரோல் அவனோடு கிளம்புகிறார். சக வீரர்கள் அவர் மகிழ்ச்சியாக இருப்பார் என்று நம்பி வழியனுப்பிவிடுகிறார்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியில் நான் இதை முதலில் படித்தபோது, குழப்பமான அறிவியல் கதை என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அந்த இதழ் வெளிவந்த காலத்திலேயே ஒரு வாசகி ரசிகர் இதழில் கட்டுரை எழுதி, நடந்தது வன்புணர்ச்சி என்று பெயரிட்டுச் சொல்லியிருந்தார். கரோலின் தனி இதழைப் பெரும்பகுதி எழுதியிருந்த கிறிஸ் கிளேர்மாண்ட் 1981இல் அவெஞ்சர்ஸ் ஆண்டுமலரில் அவரைத் திரும்ப அழைத்துவந்து, அதே சக வீரர்களின் முகத்துக்கு நேராக, நான் சொன்னதை நம்பினீர்களே தவிர என்ன நடந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லையே என்ற பொருளில் பேச வைத்தார். கதைக்குள் இருந்த அநீதியைக் கதைக்குள்ளேயே வழக்காக்கிய அந்த ஒரு பக்கம், என்னைப் பொறுத்தவரை, பத்து நாயகிகளின் உடைமாற்றத்துக்குச் சமம்.

ஆனால் இந்த விஷயத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள பார்பரா கார்டனைத்தான் பார்க்க வேண்டும். பேட்மேன் கதைகளில் 1967இல் பேட்கேர்ள் என்ற நாயகியாக அறிமுகமானவர். நூலகர், காவல் ஆணையரின் மகள், 1970களில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகக்கூட ஆக்கப்பட்டவர். 1988இல் ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த ‘தி கில்லிங் ஜோக்’ வந்தது. வீட்டில் தந்தையோடு இருக்கும் பார்பரா கதவைத் திறக்கிறார். வெளியே பூப்போட்ட சட்டையும் கழுத்தில் கேமராவுமாக, சுற்றுலாப் பயணி போன்ற கோலத்தில் பேட்மேனின் எதிரி ஜோக்கர் துப்பாக்கியுடன் நிற்கிறான். சுடுகிறான். முதுகெலும்பு போய்விடுகிறது. பிறகு அவளைப் படமெடுத்து, அந்தப் படங்களை அவளுடைய தந்தைக்குக் காட்டி அவரைப் பைத்தியமாக்கப் பார்க்கிறான். போலண்டின் கோடுகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. வகுப்பில் ஒளி, நிழல் பற்றிப் பேசும்போது நானே அந்தப் புத்தகத்தை உதாரணம் காட்டியிருக்கிறேன். ஆனால் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். சுடப்பட்ட பிறகு பார்பரா மருத்துவமனைக் காட்சி ஒன்றில் பேசுகிறார், அங்கேயும் தந்தையைப் பற்றியே கவலைப்படுகிறார். மீதிக் கதை தந்தையின் மன உறுதியையும் பேட்மேனுக்கும் ஜோக்கருக்கும் இடையிலான உறவையும் பற்றியது. அவளுடைய முதுகெலும்பு மூன்று ஆண்களின் விவாதத்துக்கு ஒரு வாதப்புள்ளியாகிவிட்டது. மூரே பின்னாளில் இந்தப் படைப்பைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: பேட்மேனுக்கும்தானே முதுகெலும்பு உடைந்தது? ஆம், 1993இல் பேன் என்ற வில்லன் அவரைத் தூக்கி முழங்காலில் போட்டு உடைத்தான். ஆனால் அந்த அடியைச் சுற்றி பல இதழ்கள் நீண்ட தொடரே எழுதப்பட்டது, அடுத்த ஆண்டே அவர் எழுந்து நின்று தன் இடத்தை மீட்டுக்கொண்டார். அவரைக் குணப்படுத்தியவர் ஒரு பெண் மருத்துவர். அந்த முயற்சியில் அந்த மருத்துவரின் மனம் குழந்தைப் பருவத்துக்குச் சரிந்துபோனது. பார்பரா 2011வரை, அதாவது 23 ஆண்டுகள், சக்கர நாற்காலியில் இருந்தார்.

இந்த இடத்தில் என் அளவுகோலே சற்றுத் தடுமாறுகிறது, ஏனென்றால் அந்த 23 ஆண்டுகள்தாம் பார்பராவின் மிகச் சிறந்த ஆண்டுகள். பதிப்பகம் கைகழுவிவிட்ட அந்தப் பாத்திரத்தை கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் என்ற எழுத்தாளத் தம்பதியர் எடுத்துக்கொண்டார்கள். 1989இல் ‘சூயிசைட் ஸ்குவாட்’ இதழில் கணினித் திரையில் ஆரக்கிள் என்ற பெயரில் யாரோ ஒருவர் செய்தி அனுப்புகிறார். அது பார்பரா என்பது பிறகுதான் வாசகருக்குத் தெரிகிறது. 1996இல் அதே இருவர் எழுதிய ஒரு சிறுகதையில் அவர் சுடப்பட்டதற்குப் பிந்தைய மாதங்கள் முதன்முறையாக அவருடைய பார்வையிலிருந்து சொல்லப்பட்டன: அச்சம், கோபம், நாற்காலியில் அமர்ந்தபடியே இரு கோல்களால் சண்டையிடும் எஸ்க்ரிமா கலையைக் கற்றுக்கொள்வது எல்லாம் அதில் உண்டு. எட்டு ஆண்டுகள் தாமதமாக வந்த அந்தக் கதைதான் அடியை அவரிடம் திருப்பிக் கொடுத்தது. பிறகு ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ தொடரில், அதுவும் 2003இல் கெய்ல் சிமோன் எழுத வந்த பிறகு, பேட்மேனே தகவல் கேட்டு வரும் இடத்தில் ஆரக்கிள் இருந்தார். 2011இல் டிசி தன் இதழ்களையெல்லாம் புதிதாகத் தொடங்கியபோது பார்பராவுக்கு நடக்கும் ஆற்றலைத் திருப்பிக் கொடுத்து மீண்டும் பேட்கேர்ள் ஆக்கியது. அநீதி சரிசெய்யப்பட்டது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. சக்கர நாற்காலியில் இருந்த வாசகர் பலர் தங்களுக்கென்று இருந்த ஒரே ஒருவரையும் இழந்ததாக வருந்தினார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கெய்ல் சிமோன் எழுத்தாளர் ஆவதற்கு முன் ஒரு ரசிகையாக 1999இல் ஒரு பட்டியலை வெளியிட்டவர். 1994இல் வந்த ‘கிரீன் லாண்டர்ன்’ 54ஆம் இதழில் நாயகன் வீட்டுக்கு வந்து குளிர்பதனப் பெட்டியைத் திறக்கிறான். உள்ளே அவனுடைய காதலியின் உடல். அந்தக் காட்சியைப் பெயராக வைத்து, கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களை அவர் வரிசைப்படுத்தினார். அதற்கு வந்த பதில்களில் வலுவானது, ஆண் பாத்திரங்களும் சாகிறார்களே என்பது. அது மெய்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தங்கள் கதையின் உச்சத்தில் சாகிறார்கள், பிறகு கொண்டாட்டத்தோடு திரும்புகிறார்கள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பெயர் பெற்ற நாயகியையும் நாயகனின் துணைப் பாத்திரத்தையும் ஒரே பட்டியலில் சேர்த்ததால் அதிலிருந்து எண்ணிக்கை சார்ந்த முடிவுகளை எடுப்பது கடினம். அதை ஓர் ஆய்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாசகியின் அலுப்பாகப் படியுங்கள், அப்போது அது துல்லியமாக இருக்கும்.

இப்போது உடைக்கு வருகிறேன். நீங்கள் கண்டது கற்பனை அல்ல. மார்பும் பிட்டமும் ஒரே சமயத்தில் வாசகரை நோக்கியிருக்கும்படி இடுப்பை முறுக்கி வரைவது 1990களில் ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. அந்தப் பத்தாண்டின் நடுவில் வொண்டர் வுமன்கூட அப்படி வரையப்பட்டார், விற்பனையும் ஏறியது. என் மாணவர்களில் யாராவது அந்தக் கோலத்தை நகலெடுத்துக்கொண்டு வந்தால், எழுந்து அப்படி நின்று காட்டச் சொல்வேன். இரண்டு நொடியில் சிரித்துக்கொண்டே நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆண்களையும் தசைப் பிண்டங்களாகத்தானே வரைகிறார்கள் என்பவர்களுக்கு 2012இல் சில ரசிகர்கள் நல்ல பதில் தந்தார்கள்: ஹாக்கை என்ற ஆண் வீரரை அதே பெண்களின் கோலங்களில் வரைந்து காட்டினார்கள். மிகைத் தசை என்பது வாசகன் தான் ஆக விரும்பும் உடல். முறுக்கிய இடுப்பு அவன் பார்க்க விரும்பும் உடல். வேடிக்கை என்னவென்றால், 1954இல் பதிப்பாளர்கள் தங்களுக்கே விதித்துக்கொண்ட தணிக்கை விதிகளில், பெண்களை உடல் மிகைப்படுத்தல் இன்றி இயல்பாக வரைய வேண்டும் என்று ஒரு வரி ஏற்கெனவே இருந்தது.

ஆனால் இந்த உடைகள்தான் பெண் வாசகர்களை விரட்டின என்று பலர் சொல்வதை நான் முழுதாக ஏற்கத் தயங்குகிறேன். 1940களிலும் 50களிலும் காதல் கதைகளையும் ஆர்ச்சி என்ற பள்ளி மாணவனின் நகைச்சுவைக் காமிக்ஸையும் சிறுமிகள் பெருமளவில் படித்தார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து விற்பனை மருந்துக்கடைகளையும் பத்திரிகை நிலையங்களையும் விட்டுத் தனிக் காமிக்ஸ் கடைகளுக்கு நகர்ந்தது. அந்தக் கடைக்காரர் விற்காத பிரதிகளைத் திருப்பித்தர முடியாது. அதனால் தன் கடைக்கு வரும் ஆண்கள் எதை வாங்குவார்கள் என்று தெரியுமோ அதையே முன்கூட்டிப் பதிவு செய்வார். அவர்களுக்காக உடை சுருங்கியதா, உடை சுருங்கியதால் அவர்கள் மட்டும் மிஞ்சினார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போயின என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அந்தச் சுழல் உடைந்த இடம் 2012. கரோல் டான்வர்ஸை எழுத வந்த கெல்லி சூ டிகானிக் அவருக்கு கேப்டன் மார்வெல் என்ற பட்டத்தையும் விமானப்படை அதிகாரிக்கு ஏற்ற முழு உடையையும் கொடுத்தார். 2014இல் ஜி. வில்லோ வில்சன் எழுதி ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்த ‘மிஸ் மார்வெல்’ வந்தது. நாயகி கமலா கான், நியூஜெர்சியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். உருவத்தை மாற்றும் சக்தி கிடைத்தவுடன் அவள் தன்னை அறியாமல் கரோலின் பழைய கோலத்துக்கு மாறிவிடுகிறாள்: பொன்னிறக் கூந்தல், நீச்சலுடை, தொடைவரை நீண்ட பூட்ஸ். அந்த வேடத்தில் ஆற்றில் விழுந்த வகுப்புத் தோழியைக் காப்பாற்றிய பிறகு அவளுக்குத் தெரியவருவதெல்லாம் கூந்தல் கண்ணில் விழுகிறது, பூட்ஸ் கடிக்கிறது, உடை இடுக்கில் ஏறிக்கொள்கிறது என்பதுதான். பின்னர் அலமாரியில் கிடந்த புர்கினியை, அதாவது உடலை முழுதும் மூடும் நீச்சலுடையை, எடுத்து, தனக்கான உடையைத் தானே செய்துகொள்கிறாள். உங்கள் முதல் கேள்விக்கு அந்த இதழ் உங்கள் மகளிடம் அவளுடைய மொழியிலேயே பதில் சொல்லிவிடும். அதன் முதல் தொகுப்பு 2015இல் ஹியூகோ விருது பெற்றது.

நிலைமை சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2023இல் கமலா கான் கொல்லப்பட்டாள், தன் இதழில் அல்ல, ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 26ஆம் இதழில், பீட்டர் பார்க்கரின் கதைக்கு நடுவே. இரண்டே மாதத்தில் எக்ஸ்மென் இதழ் ஒன்றில் உயிர்ப்பித்துவிட்டார்கள் என்றாலும், 1942இல் செயலாளர் நாற்காலியில் தொடங்கிய அதே பழக்கம் அது.

ஆகவே நடைமுறையில் என்ன செய்யலாம்? கமலா கானின் 2014 தொகுப்பிலிருந்து தொடங்குங்கள்; 12 வயதுக்கு அது தாராளமாகப் பொருந்தும். இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து, சிமோன் எழுதிய ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ இதழ்களைக் கொடுங்கள். அவற்றில் வன்முறையும் சில இறுக்கமான உடைகளும் இருக்கின்றன, நீங்களும் உடன் படிப்பது நல்லது. ‘தி கில்லிங் ஜோக்’ இப்போது வேண்டாம், பள்ளிப் படிப்பு முடிகிற வயதில் அவளே தேடிப் படிப்பாள். வெளியான வரிசைக்கு மாறாக, ஆரக்கிளை முதலில் சந்திக்கட்டும் என்பதற்காகத்தான் இப்படிச் சொல்கிறேன். பூப்போட்ட சட்டைக்காரன் நிற்கும் அந்தப் பக்கத்துக்கு வந்து சேரும்போது, கதவைத் திறக்கும் பெண் யார் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.